வெள்ளை வயலில் ஏழு செடிகள்

மழை பெய்து நாலு மாதம் ஆகியிருந்தது. கடலை ஒட்டிய பாயரா ஆற்றங்கரையில் லோக்மானின் பயறு வயல் ஒரே வாரத்தில் வெளுத்துப்போனது. மண்ணுக்குள்ளிருந்து உப்பு கிளம்பி மேலே பூத்திருந்தது. நடந்தால் காலடியில் அப்பளம்போல் நொறுங்கியது. தவளை இல்லை, பூச்சி இல்லை. பச்சைப்பயறுச் செடிகள் எல்லாம் கருகிச் சுருண்டு கிடந்தன.

நடுவில் மட்டும் ஏழு செடிகள் பச்சையாக நின்றன.

லோக்மானின் மகள் மர்ஜினாவுக்குப் பத்து வயது. காலையில் அவள் பார்த்தபோது அந்த ஏழின் இலைகளும் ஆற்றைப் பார்த்திருந்தன. மாலையில் பார்த்தால், எல்லா இலைகளும் ஊர்ப்பக்கம் திரும்பியிருந்தன. காற்று கொஞ்சமும் இல்லை.

“திரும்பிப் பாக்குதுங்க,” என்றார் பக்கத்து வயல் மாஜேத் சாச்சா. குரலைத் தாழ்த்திக்கொண்டார். “புயல்ல கரை ஒதுங்கின பிணங்களை அங்கதான் புதைச்சோம். ஏழு பேரு. எண்ணிப் பாத்துக்க.”

மர்ஜினா எண்ணினாள். ஏழுதான். பக்கத்தில் நின்ற அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நாளைக்குச் சாயங்காலம் பிடுங்கி ஆத்துல விட்டுடுறேன்,” என்றார் அப்பா. “பத்து நாள்ல எல்லாரும் செங்கல் சூளைக்குக் கிளம்பறோம். விதைக்குக்கூட ஒரு படி தேறாத மண்ணுல என்ன இருக்கு?”

“எல்லாருமா? அப்போ என் பள்ளிக்கூடம்?”

“சூளையில மண்ணு மிதிக்கப் பரீட்சை கிடையாது.” அப்பா சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தாள். குளத்தோரம் அம்மா போட்டிருந்த அவரைக்கொடியின் இலைகளும் அதே பக்கம் திரும்பியிருந்தன. அந்தப் பக்கம்தான் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

“அப்பா, அதுங்க நம்மளைப் பாக்கல. வெயிலைத்தான் பாக்குது!”

“இருக்கட்டும். ஊர் வாயை யார் மூடுறது?”

மறுநாள் உச்சிவேளையில் மர்ஜினா தனியாக வயலுக்குப் போனாள். பாதிப் பயம் போயிருந்தது. மீதிப் பாதி கூடவே வந்தது. வெள்ளை மண்ணில் கண் கூசியது. தன் நிழலே காலுக்கடியில் ஒளிந்துகொண்டதுபோல் இருந்தது. செடியடி மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். கசந்து எரிந்தது.

“உப்பு அதே உப்புதான்,” என்றாள் செடிகளிடம். “நீங்க மட்டும் எப்படி?”

பட்!

காதருகே ஏதோ வெடித்துக் கன்னத்தில் அடித்தது. மர்ஜினா அலறிக்கொண்டு பத்தடி ஓடினாள். பிறகு கன்னத்தைத் தடவினாள். ஒரு பயறு ஒட்டியிருந்தது. முற்றிய நெற்று வெயிலில் வெடித்திருக்கிறது!

அவள் திரும்பி வந்து, கறுத்த நெற்றுகளை ஒன்றுவிடாமல் பறித்து மடியில் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் அப்பா ஏழையும் பிடுங்கி எறிந்தார். வடியும் ஆற்றில் வேரோடு மிதந்து போனபோதும் அவை பச்சையாகவே இருந்தன. கண்ணுக்கு மறையும்வரை மர்ஜினா கரையில் நின்று பார்த்தாள்.

மர்ஜினா உரித்துவைத்த பயறை அம்மா அள்ளி, விதை டிரம்மின் மூடியைத் திறந்தாள். எந்த வயல், எந்தச் செடி என்று பார்க்காமல் எல்லாப் பயறையும் அந்த ஒரே டிரம்மில் கொட்டுவதுதான் அங்கே வழக்கம்.

“அம்மா, கலக்காதே!”

“கலந்தா என்னடி? ஒவ்வொண்ணுக்கும் பேரா வெச்சிருக்கே?”

“கலந்தா இதுங்க எதுன்னே தெரியாதும்மா. இத்தனை வருஷமும் இப்படித்தான் தொலைச்சிருப்போம்.”

இரண்டு உடைந்த சட்டிகளில் வெள்ளை வயலின் மண்ணை நிரப்பினாள். ஒன்றில் பன்னிரண்டு டிரம் பயறு, இன்னொன்றில் தான் பறித்த பன்னிரண்டு. இரண்டுக்கும் கால்வாயின் உப்புத் தண்ணீர்.

ஒன்பதாம் நாள் டிரம் பயறு அத்தனையும் கருகிவிட்டது. மற்ற சட்டியில் ஒன்பது பச்சையாக நின்றன.

“மூணு செத்துப்போச்சே,” என்று மர்ஜினா மூக்கை உறிஞ்சினாள்.

“உனக்கு உங்கப்பா மூக்கு, உன் தம்பிக்கு என் மூக்கு,” என்றாள் அம்மா. “ஒரு வயித்துப் பிள்ளைங்கன்னா எல்லாம் ஒண்ணுபோலவா இருக்கும்?”

“தம்பி தப்பிச்சான்!” என்றார் வேடிக்கை பார்க்க வந்த மாஜேத் சாச்சா. அப்பா தன் மூக்கைத் தடவிக்கொண்டார்.

பிறகு அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சட்டி மண்ணை நாக்கில் வைத்துத் துப்பினார். அந்த ஒன்பதையும் நெடுநேரம் பார்த்தார்.

“ஒன்பது செடி வயித்தை நிரப்பாது,” என்றார். “சூளைக்கு நான் மட்டும் போறேன். விதைப்புக்கு வந்துடுவேன். நீ பள்ளிக்கூடமும் போ, இதுங்களையும் பெருக்கு.”

அப்பா படகேறிய மறுநாள், தனியாக எடுத்துவைத்திருந்த மிச்ச விதைகளையும் ஊன்றிவிட்டுக் கால்வாயிலிருந்து மர்ஜினா குடம் சுமந்து வந்தாள். மாஜேத் சாச்சா பதறிப்போனார்.

“அடிப்பாவி! குளத்துல நல்ல தண்ணி இருக்கு. மறுபடியும் உப்புத் தண்ணியை ஊத்துறியே!”

“விழுறது விழட்டும் சாச்சா,” என்று குடத்தைச் சாய்த்தாள் மர்ஜினா. “நிக்கிறதோட விதைதான் எனக்கு வேணும்.”