கொடிக்கயிற்றுக்கு மூன்று வாசகர்

2007 ஜூலை, ஒரு திங்கட்கிழமை. காலை 7.10.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்வீதியில் இருந்த பாலர் பாடசாலையின் கேற்றில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. கணினியில் அச்சடித்த பக்கம். உச்சியில் தடித்த எழுத்தில் ஒரு வரி: ‘இந்தக் கேவலத்தை எழுதுபவள் இங்கே படிப்பிக்கும் புஸ்பராணி.’

சார்ஜன்ட் ஜவாஹிர் அதை இரண்டுதரம் வாசித்தார். மூதூர்க்காரர், பொலிசில் இருபத்திரண்டு வருஷம். அந்த வருஷம் அவருடைய முழுநேரத் தொழில் மொழிபெயர்ப்பு. ஆளைக் காணவில்லை என்று தமிழில் அழுகிறவர்களைச் சிங்களத்தில் எழுதிவைப்பார். எழுதியதை எடுத்துக்கொண்டு யாரும் தேடப் போனதில்லை. கண்டுபிடிக்கக்கூடிய ஒரு குற்றம் கைக்கு வந்ததும், சந்தோஷப்பட வேண்டிய நேரம் இது என்று அவருக்கு ஞாபகம் வந்தது. சந்தோஷம் வரவில்லை.

பக்கம் ‘கொடிக்கயிறு’ என்ற வலைப்பூவினுடையது. அதில் எழுதியவரின் பெயர் கிடையாது. பெண்கள் நைட்டியோடு கடைத்தெருவுக்கு வரக்கூடாதென்று பண்பாட்டுக் காவல் மன்றம் துண்டுப்பிரசுரம் விட்டிருந்தது. அதற்குப் பதில்: ‘ஷெல் விழும்போது சேலை கட்டி முடித்துப் பங்கருக்குள் இறங்க எத்தனை நிமிஷம் என்று மன்றத்தார் ஒருமுறை கட்டிப் பார்த்துச் சொல்லட்டும்.’

கீழே மூன்று கருத்துகள். முதலாவது, ‘வெட்கம் கெட்டவள்.’ இரண்டாவது, கனடா வாகீசன் எழுதியது: ‘அற்புதம் தோழி! உங்கள் பேனாவுக்கு நான் அடிமை.’ அதன் பக்கத்தில் மட்டும் நகமளவில் ஒரு குப்பைத்தொட்டிப் படம். மூன்றாமவர், பூப்போட்ட நைட்டி எங்கே வாங்கலாம் என்று கேட்டிருந்தார்.

காலை 8.00.

“நீங்கதானே எழுதினது, டீச்சர்?”

“ஓம்.”

புஸ்பராணிக்கு முப்பத்தொரு வயது. தம்பலகாமத்துக்குப் போன புருஷன் போன வருஷத்திலிருந்து திரும்பவில்லை. அந்த முறைப்பாட்டையும் ஜவாஹிர்தான் மொழிபெயர்த்தவர். இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

“பின்னேரம் நாலு மணிக்கு மன்றம் கூடுது” என்றாள். “பள்ளிக்கூடம் அவையின்ரைதானே. என்னை நிப்பாட்டச் சொல்லி மனு எழுதியாச்சாம். தலைவர் முதல் கையெழுத்துப் போட்டால் மற்றவையும் போடுவினம். நானும் பிள்ளையும் பிறகு எங்கை போறது?”

“நீங்கதான் எழுதுறதெண்டு ஆருக்குத் தெரியும்?”

“ஒருத்தருக்கு. வாகீசன். கனடாவிலை படிக்கிற பெடியன், இருபத்தேழு வயசு. மெயில் போடுவார். போன மாசம் பேரையும் பள்ளிக்கூடத்தையும் சொன்னனான். பிறகு போட்டோ கேட்டார். ‘தம்பி, படிப்பைக் கவனியுங்கோ’ எண்டு பதில் போட்டனான். அதோடை மெயில் இல்லை.”

காலை 9.30.

மன்றத் தலைவர் சிவகுருநாதன், அறுபத்து நான்கு வயது, ஓய்வுபெற்ற அரசாங்கக் கந்தோர் அதிகாரி. கதிரையில் அவர் அமர்ந்திருந்த விதத்தைப் பார்த்தால் கல்வெட்டுக்காகக் காத்திருப்பதுபோல இருக்கும். ஒரு கேள்வி கேட்டால் முதலில் தமிழினத்தின் வரலாற்றைச் சொல்லிவிட்டுத்தான் பதிலுக்கு வருவார்.

“கடதாசி உங்களுக்கு எப்பிடித் தெரியும், ஐயா?”

“பொதுமக்கள் கொணந்து காட்டினவை. சார்ஜன்ட், இந்த விரல் இண்டுவரை அந்தக் கொம்பியூட்டர்ப் பெட்டியிலை பட்டதில்லை. குலம் கெடுக்கிற பெட்டி!”

காலை 10.20.

அந்தப் பகுதியில் இணையமும் அச்சு இயந்திரமும் உள்ள ஒரே இடம் றஊபின் கடை. நான்கு கணினி, நாலுக்கும் சேர்த்து ஒரு மின்விசிறி. றஊப்தான் காட்டிக்கொடுத்தவன் என்று சந்தியில் ஏற்கெனவே தீர்ப்பாகிவிட்டது.

“அல்லாவாணை நானில்ல, நானா!” ஜவாஹிர் அவனுக்கு நானா, அதாவது அண்ணன்.

“அத விடு. இந்தக் குப்பைத்தொட்டி என்ன?”

றஊப் கடதாசியை வெளிச்சத்தில் பிடித்தான். “கருத்து எழுதினவர் தன்ட பேரில உள்ள போயிருந்தா, தான் எழுதினதுக்குப் பக்கத்தில மட்டும் அது தெரியும். அழிக்கிறதுக்கு. வேற ஆக்களுக்குத் தெரியாது.”

“அப்ப இந்தப் பக்கத்தை அச்சடிச்சது?”

“வாகீசன்தான்.” சொல்லிவிட்டு றஊப் வாயைத் திறந்தபடி நின்றான்.

வாகீசனின் பழைய கருத்துகளைத் திரையில் எடுக்கச் சொன்னார் ஜவாஹிர். பதினொன்று இருந்தன. எல்லாமே செவ்வாய் அல்லது வெள்ளி, நம்முடைய நேரத்துக்குக் காலை பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில். கனடாவில் அப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். படிக்கிற பெடியன் முழித்திருக்கலாம்தான்.

ஜவாஹிர் வரவுக் கொப்பியை விரித்தார். வருகிறவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கணினி, நேரம் எல்லாம் பதியவேண்டும் என்பது பாதுகாப்பு உத்தரவு. ஒவ்வொரு பின்னேரமும் அதையும் அவர்தான் சிங்களத்தில் எழுதுவார். மாதக்கணக்காக எழுதியும் கண்ணில் படாத ஒன்று இப்போது பட்டது. செவ்வாயும் வெள்ளியும் பத்து மணிக்கு முதலாம் கணினியில் இரண்டு பேர், மூன்றில் இரண்டு பேர், நான்கில் மூன்று பேர். இரண்டாம் கணினியில் ஒருவருமில்லை.

“ஆக்கள் ஒருத்தரில ஒருத்தர் ஏறி இருக்கக்க இது ஏன்டா சும்மா கிடந்த?”

றஊப் கொப்பியை மெல்ல மூடப் பார்த்தான்.

“சரி, வேற மாதிரிக் கேக்கன். இந்த ஊரில நீ ஆருட்ட அடையாள அட்டை கேக்கமாட்டா?”

“பெரிய மனிசன் நானா” என்றான் றஊப் மெதுவாக. “வேட்டி சால்வையோட வாறவர். அவருட்ட அட்டை கேக்க ஏலுமா? வெள்ளிக்கிழம ஒரு பக்கம் அச்சடிச்சவர். நான் திரும்பியும் பாக்கல்ல. பாக்கிறது மரியாதையில்லதானே.”

மாலை 4.05.

மன்ற மண்டபத்தில் இருபது பேர். மேசையில் மனு. சிவகுருநாதன் பண்பாட்டின் தொன்மையை முடித்து, பேனையின் மூடியைக் கழற்றியிருந்தார்.

“ஐயா, கையெழுத்துக்கு முதல் ஒரு சொல்லு” என்று ஜவாஹிர் கடதாசியை மனுவுக்கு மேல் வைத்தார். குப்பைத்தொட்டியைக் காட்டினார், அதன் கருத்தைச் சொன்னார். பதினொரு நேரங்களையும் வாசித்தார், வெறுமையாய்க் கிடந்த இரண்டாம் கணினியையும் சொன்னார். “அட்டை கேக்கப்படாத ஒரே ஆள் நீங்கதான். றஊப் வாக்குமூலம் தந்திட்டான். வாகீசன் கனடாவில இல்ல, இந்தக் கதிரையில இருக்கார். டீச்சர் ‘தம்பி’ எண்டு எழுதின பிறகுதான் உங்களுக்குப் பண்பாடு ஞாபகம் வந்திருக்கு.”

சிவகுருநாதன் சால்வையை இழுத்துச் சரிசெய்தார்.

“அது... ஒரு ஆய்வு” என்றார் தலைவர்.

செயலாளர் தம்பிராசா கடதாசியை எடுத்துக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்தார். “‘உங்கள் பேனாவுக்கு நான் அடிமை.’ இதுவும் ஆய்வோ, ஐயா?”

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். சிவகுருநாதன் பேனையை மூடினார். முதல் கையெழுத்து விழவில்லை. இரண்டாவதாகப் போட ஊரில் ஒருவருக்கும் துணிவில்லை. ஆனாலும் கூடியது வீண்போகக்கூடாதல்லவா? இணையக் கடைக்குப் பெண்கள் தனியே போகக்கூடாதென்று ஏகமனதாக ஒரு தீர்மானம் நிறைவேற்றிவிட்டுத் தேத்தண்ணி குடித்தார்கள்.

மாலை 5.15.

புஸ்பராணி அடுத்த நாளைக்குக் களிமண் பிசைந்துகொண்டிருந்தாள்.

“வேலை போகாது, டீச்சர்” என்று விஷயத்தைச் சொன்னார் ஜவாஹிர். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இனியும் எழுதுவீங்களா?”

“ஆருக்கு?” கையிலிருந்த மண்ணை வழித்துச் சட்டியில் போட்டாள். “திட்ட ஒருத்தர், நைட்டி வாங்க ஒருத்தர். ஒழுங்கா வாசிச்சவர் ஒரே ஒருத்தர்தான். அவரையும் நீங்க பிடிச்சிட்டியள்.”