இடப்பக்கக் குரல்

சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்திருந்தாள் லவீனா. இருந்தும் பதிவிலிருந்த புருசன் பேதுருவின் குரல் நேற்றையதைவிடப் பலமாகக் கேட்டது.

மடிக்கணினித் திரையில் ஒலிக்கோடு பாதியைக்கூடத் தொடவில்லை. நேற்று அதே கோட்டை முழுதாக ஏற்றி வைத்துக் கேட்டபோதும், இஞ்சின் இரைச்சலுக்கும் கடற்காற்றுக்கும் அடியில் எங்கோ கிடந்த குரல் அது. இன்று இஞ்சினும் இல்லை, காற்றும் இல்லை. யாரோ முற்றத்தில் நின்று கூப்பிடுவதுபோலத் தெளிவாக, "லவீனா, வாறன்" என்றது. அதற்குப் பிறகுதான் வழக்கமான இரைச்சல் தொடங்கியது.

அவர்கள் வீட்டில் கடலுக்குப் போகும்போது "போறன்" என்ற சொல்லை எடுப்பதில்லை. பேதுரு "வாறன்" என்பான். அவள் "ஓம், வாங்கோ" என்று பதில் சொல்ல வேண்டும். ஒருநாள் சொல்லாமல் விட்டாலும் அவன் படகு கரைக்கு வரும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. கடைசியாக அவன் கடலிலிருந்து போனுக்கு அனுப்பிய குரலும் அந்த "வாறன்"தான். மறுநாள் படகு மட்டும் மண்டைதீவுப் பக்கம் வெறுமையாக ஒதுங்கிக் கிடந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பொழுதுபடும் நேரமும் செபமாலை முடிந்ததும் அந்தக் குரலைப் போட்டுக் கேட்பாள், "ஓம், வாங்கோ" என்பாள். மகள் றொசாந்தியும் பழகிவிட்டாள். தாய்க்கு முந்திக்கொண்டு அவளே பதில் சொல்லுவாள். வாசற்கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதையும் அன்றோடு விட்டுவிட்டார்கள்.

நாளைக் காலை கோயிலில் பேதுருவுக்காகப் பூசை. பேதுருவின் தமையன் டினேஸ் ஒழுங்கு செய்துவிட்டார். செத்தவர்களுக்கு வைக்கிற பூசை அது. வைத்துவிட்டால் லவீனா விதவை. "அந்த இரைச்சலுக்குள்ளை அவர் என்னவோ கதைக்கிறார் அண்ணை, நான் அதைக் கேக்கவேணும்" என்று அவரிடம் மன்றாடியிருந்தாள். ஏதாவது ஒரு இடத்தின் பெயர், ஒரு கரையின் பெயர் கேட்டால்கூட நிறுத்திவிடலாம் என்று அவரும் சம்மதித்திருந்தார். அதற்கு இன்று ஒரு பொழுதுதான் மிச்சம்.

மானிப்பாயில் கணினி திருத்துகிற அருட்செல்வனுக்குப் போன் எடுத்தாள். பாவித்த மடிக்கணினியை மகளின் படிப்புக்கென்று லினக்ஸ் போட்டுத் தந்தவனும், போனில் இருந்த குரலை அழியாமல் அதற்குள் ஏற்றித் தந்தவனும் அவன்தான்.

"தம்பி, கோட்டைக் குறைச்சாலும் சத்தம் கூடக் கேக்குது."

"வெளியிலை தெரியிற கோட்டை நம்பாதேங்கோ அக்கா. உள்ளுக்கு இன்னொண்டு கிடக்கு. கறுப்புத் திரையைத் திறந்து அல்சாமிக்சர் எண்டு அடியுங்கோ."

அடித்தாள். பச்சையும் சிவப்புமாகக் கம்பங்கள் எழுந்து நின்றன. ஸ்பீக்கர் என்ற கம்பத்தின் கீழே இரண்டு இங்கிலீசு எழுத்துகள்: இடப்பக்கம் ஓ, வலப்பக்கம் எம்.

"ஓ எண்டால் திறந்திருக்கு, எம் எண்டால் மூடிக்கிடக்கு அக்கா. இவ்வளவு நாளும் உங்களுக்கு ஒரு பக்கம்தான் கேட்டிருக்கு. முற்றுப்புள்ளி இருக்கிற கட்டையை அமத்துங்கோ, திறபடும்."

"அப்ப அவர் கதைச்சதிலை பாதி அந்தப் பக்கம் கிடக்குதோ தம்பி?"

"சீச்சீ. போனிலை பதிஞ்சதெல்லோ, ரெண்டு பக்கமும் ஒண்டுதான் வரும். சத்தம் மட்டும் கொஞ்சம் கூடும். கடையிலை ஆக்கள் நிக்கினம், வைக்கட்டே?"

வைத்துவிட்டான். வெளியே மாரி மழை விட்டு, ஓட்டிலிருந்து சொட்டும் நீர் வாளியில் விழுந்துகொண்டிருந்தது. கடல் பக்கமிருந்து அழுகிய பாசியின் வாடை வீட்டுக்குள் வந்தது. வாசற்கதவடியில் பாயில் குப்புறப் படுத்து றொசாந்தி படம் கீறிக்கொண்டிருந்தாள். லவீனா முற்றுப்புள்ளியை அமத்தினாள். எம் இருந்த இடத்தில் ஓ வந்தது. குரலை மறுபடி போட்டாள்.

வலப்பக்கம் முதலில் ஒரு செருமல் கேட்டது.

அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. பேதுரு செருமாமல் ஒரு வார்த்தை பேசியதில்லை. கலியாணத்தன்று கோயிலில்கூடச் செருமிவிட்டுத்தான் சம்மதம் சொன்னவன். இது அவன்தான். என்ரை மாதாவே, இது அவர்தான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்போதுதான் மற்றது உறைத்தது. இவ்வளவு நாளும் அவள் கேட்டு, பதில் சொல்லி வந்த இடப்பக்கக் குரல் ஒருநாளும் செருமியதில்லை.

வலப்பக்கம் தண்ணீர் குமிழியிட்டது. குமிழிகளுக்கு நடுவே அவன் திக்கித் திக்கிப் பேசினான்.

"லவீ... நான் தண்ணிக்குள்ளை கிடக்கிறன்... வாறது நானில்லை... பதில் சொல்லாதை, லவீ... கதவைப் பூட்டு..."

"லவீனா, வாறன்" என்றது இடப்பக்கம்.

இடப்பக்கத்தை இறக்கினாள். கம்பம் சரிந்து சரிந்து அடிக்கு வந்தது. சுழியம்.

"லவீனா, வாறன்."

இரண்டு பக்கத்தையும் மூடினாள். ஓ போய் எம் வந்தது. எம், எம்.

"லவீனா, வாறன்."

கணினியை நிறுத்தினாள். திரை இருண்டது. மூடியைச் சாத்தினாள். சாத்திய கையை எடுக்கப் பயந்து அப்படியே இருந்தாள். வாளியில் நீர் சொட்டியது.

"லவீனா."

கணினிக்குள்ளிருந்து வரவில்லை. அதற்கும் இடப்பக்கம். கணினியின் இடப்பக்கம் எது என்று இவ்வளவு நாளும் அவள் யோசித்ததில்லை.

வாசல்.

பாசி வாடை தொண்டைவரை ஏறியது. படியில் ஏதோ ஈரமாக இழுபட்டது. நின்றது. தாழ்ப்பாள் போடாத கதவு. அதன் அடியில் அவளுடைய பிள்ளை.

வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கத்தினால் அது பதிலாகிவிடும். கத்தாவிட்டால்? எழுந்தாள். கதிரை சரிந்து விழுந்தது. ஓடினாள். நாலு எட்டுத் தூரம்தான்.

"வாறன்."

றொசாந்தி பென்சிலைப் போட்டுவிட்டு எழுந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஓம் அப்பா, வாங்கோ."

கதவு மெல்லத் திறந்தது. இடைவெளிக்குள் நுழைந்த ஒரு கை, ஊறி வெளுத்து, நகமில்லாத விரல்களோடு, பிள்ளையின் தலையைத் தடவியது. பின்னால் மேசையில், மூடிக்கிடந்த கணினிக்குள், வலப்பக்கத்தில், பேதுரு ஒருமுறை செருமினான். பிறகு அழத் தொடங்கினான்.