விடு என்று சொல்லும்வரை

“அமுக்கு” என்றான் கெரியோன், முன்சக்கரத்துக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடி. காருக்குள் இருப்பவன் “பிடிச்சிருக்கேன்” என்று பதில் சொல்ல வேண்டும்; அதுதான் முறை. பதில் வரவில்லை. ஆனால் பிரேக்கிலிருந்து காற்றை வெளியேற்றும் அந்தச் சின்னத் திருகை ஸ்பேனரால் கால் சுற்று திறந்ததும் பிரேக் ஆயில் குமிழி குமிழியாகக் குழாயில் பீய்ச்சியது. வாயைத் திறக்கச் சோம்பேறித்தனம் போல என்று நினைத்துக்கொண்டு திருகை மூடினான். “விடு” என்றான். உள்ளே பெடல் முனகிக்கொண்டு மேலே வந்தது.

அப்போதுதான் ஷெட்டின் கதவை யாரோ வெளியிலிருந்து உதைத்தார்கள்.

“மச்சான், கதவைத் தெற! ரெண்டு கையிலயும் காபி. சுடுது, சனியன்!”

வெண்டலின் குரல்.

கெரியோன் எழுந்து காருக்குள் பார்த்தான். ரேஸ் சீட் காலி. அதன் மேல் புதினா சூயிங்கம் வாசனை லேசாக நின்றது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே திட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தான். வெளியே மத்தியானம் மூன்று மணிக்கே பனிமூட்டம் மலைச்சரிவை விழுங்கியிருந்தது. நவம்பர் முதல் தேதி, ஜெர்மனியின் ஐஃபல் மலைக் கிராமங்களில் செத்தவர்களை நினைத்து ஊரே சிவப்பு விளக்கை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போகும் நாள். அன்றைக்குச் சுத்தியல் சத்தம் கேட்டால் எதிர்வீட்டு அம்மாள் போலீஸுக்கே போன் போட்டுவிடுவாள். அதனால்தான் கதவைச் சாத்திக்கொண்டு சத்தம் வராத வேலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நீ உள்ள இல்லையா இவ்ளோ நேரம்?”

“எதிர்வீட்டுக் கிழவிகிட்ட மாட்டிக்கிட்டேன்டா. ஏன், மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு?”

“ஒண்ணுமில்ல. ஏறி உக்காரு.”

வெண்டல் அவன் தங்கை மார்லிஸின் புருஷன். அவள் செத்து இரண்டு வருஷம் ஆகியும் ஞாயிறு தவறாமல் வந்து, கெரியோனின் காருக்காகக் கையை அழுக்காக்கிக்கொண்டவன். பிரேக்கின் ரப்பர் குழாய்களைக் கழற்றிவிட்டு எஃகு வலை பின்னிய புதுக் குழாய்களை மாட்டியது அவன்தான். பெல்ஜியத்தில் ஒரு பழைய கார் கடையில் தேடிப் பிடித்தேன் என்று பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் புது மாடல் ஏபிஎஸ் பெட்டியைப் பிறந்தநாளுக்குக் கொடுத்து மாட்டியதும் அவன்தான். நாளைக்கு இந்தக் காரில் தன் மகளை முதல்முறையாகப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவதாகக் கெரியோன் வாக்குக் கொடுத்திருந்தான்.

முன்பெல்லாம் பெடல் மிதிப்பது மார்லிஸ். பத்து வயதிலிருந்து அது அவள் வேலை. சூயிங்கத்தை மென்றுகொண்டே மிதிப்பாள். “விடு” என்று சொல்லும்முன் காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும், முழு வேலையும் பாழ். ஒருமுறை கெரியோன் போன் பேசப் போய் மறந்தேவிட்டான். அரைமணி நேரம் கழித்து வந்து பார்த்தால் கால் நடுங்க, கண்ணில் நீர் முட்ட, அப்படியே மிதித்துக்கொண்டிருந்தாள். “பிடிச்சிருக்கேன்டா அண்ணா” என்றாள்.

அப்படிப்பட்டவள் வளைவில் பிரேக்கையே தொடாமல் மரத்தில் மோதினாள் என்றார்கள். ரோட்டில் டயர் தேய்ந்த ஒரு தடம் இல்லை. போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டியிருப்பாள், எத்தனை தடவை சொன்னேன் என்று வெண்டல் அழுதான். ஊர் நம்பியது. கெரியோனும் நம்பினான். சவப்பெட்டிக்கு முன்னால் நின்று, புத்தி கெட்டவளே என்று திட்டவும் செய்தான்.

நான்கு சக்கரமும் முடிந்தது. ஆனால் குமிழி நிற்கவில்லை. எத்தனை முறை எடுத்தாலும் யாரோ உள்ளே மூச்சு விடுவதுபோல் வந்துகொண்டே இருந்தது.

“பெட்டிக்குள்ள காத்து நிக்குது. பழுது படிக்கிற ரீடரை மாட்டி அதோட பம்பை ஓட்டிடலாம். நீ அமுக்கிப் பிடி.”

“அதெல்லாம் வேணாம் மச்சான்” என்றான் வெண்டல், சட்டென்று. “ரோட்டுல ரெண்டு தடவை அழுத்தினா தானா சரியாயிடும்.”

“அமுக்குடா.”

“பிடிச்சிருக்கேன்.”

ரீடரின் திரை விழித்துக்கொண்டது. பெட்டி முதலில் தான் பிறந்த காரின் எண்ணைச் சொன்னது. கடைசி நாலு இலக்கம் 1708. ஆகஸ்ட் பதினேழு. கார் வாங்கிய அன்று, என் பொறந்தநாளையே அச்சடிச்சு அனுப்பியிருக்கான் பாரு என்று மார்லிஸ் குதித்த எண். அதற்குக் கீழே பெட்டி கடைசியாக நினைவில் வைத்திருந்த பழுது. வேகம் 112. பெடல் முழுக்க மிதிக்கப்பட்டுள்ளது. முன்சக்கர பிரேக் அழுத்தம் 0.

கெரியோன் அதை மூன்று முறை படித்தான்.

“வெண்டல். இது அவ கார்ப் பெட்டி.”

வெண்டலின் கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தது.

“அவ மிதிச்சிருக்காடா. முழுசா மிதிச்சிருக்கா.”

“அன்னைக்கு ஞாயித்துக்கிழமை” என்றான் வெண்டல், நேரே முன்கண்ணாடியைப் பார்த்தபடி. “கடை ஏதும் இல்ல. அவ கார்ல பிரேக் குழாய் மாத்தினேன், ஆயில் கசியாம இருக்கப் போடுற புது செப்பு வாஷர் இல்ல. நசுங்கின பழசையே போட்டேன். தாங்கும்னு நெனச்சேன் மச்சான். சொல்லியிருந்தா மட்டும் திரும்பி வந்திருப்பாளா? நல்ல பெட்டி, தூக்கி எறிய மனசு வரல...”

கெரியோனின் கண் மேஜைக்குப் போனது. இந்தக் காருக்கென்று தான் வாங்கி வைத்த புது வாஷர் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. இதிலும் பழசையே போட்டிருக்கிறான். கூடவே இருந்து, கூடவே தின்று, இரண்டு வருஷம் தோளில் கை போட்டு அழுத பாவி.

“எறங்கு. எறங்குடா வெளிய!”

வெண்டல் எழப் பார்த்தான். எழவில்லை.

“மச்சான், கால் வரல.”

“நடிக்காத.”

“சத்தியமா! மேல இன்னொரு கால் இருக்கு. அமுக்குது. மச்சான்!”

பின்னால் சுவரில் பிரேக் விளக்கின் சிவப்பு. ஸ்டாண்டில் தூக்கி நிறுத்திய கார். நான்கு சக்கரமும் அசையவில்லை. திரையில் வேகம் 40. பெடல் தடதடவென்று அதிர ஆரம்பித்தது. 70. புதினா வாசனை. 95. வெண்டல் கதறினான். கதவு திறக்கவில்லை. கெரியோன் இரண்டு கையாலும் இழுத்தான். திறக்கவில்லை.

108.

சீட்டிலிருந்து, வெண்டலின் தோளுக்குப் பின்னாலிருந்து, களைத்துப்போன ஒரு குரல்.

“பிடிச்சிருக்கேன்டா அண்ணா.”

இரண்டு வருஷமாக.

“விடச் சொல்லுடா! நீ சொன்னா கேப்பா! சொல்லு மச்சான்!”

ஒரு சொல். கெரியோனின் நாக்கு வரைக்கும் வந்தது. மேஜைமேல் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. அவன் கதவிலிருந்து கையை எடுத்தான்.

“பிடிச்சுக்கோ, மார்லிஸ்.”

112.

முன்னால் எதுவுமே இல்லாத இடத்தில், ஒரு மரத்தின் பருமனுக்கு, பானெட் சத்தமில்லாமல் மெதுவாக உள்ளே மடங்கத் தொடங்கியது. ஸ்டியரிங் வெண்டலின் நெஞ்சை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. சுவரில் அந்தச் சிவப்பு விளக்கு அணையவேயில்லை.