செல்லிக்கு வைத்த காவி

கதவு பெண்ணாம், துடைப்பம் ஆணாம்! இதை யார் கண்டுபிடித்தார்களோ என்று பூவிழிக்குத் தலை சுற்றியது.

எல்லாம் மனோனால் வந்த வினை. அவள் பிரான்சிலிருந்து வந்த சிறுமி. மலையில் இருக்கும் பெரிய தொலைநோக்கியில் நட்சத்திரம் பார்க்க அவளுடைய அம்மா வந்திருந்தார். இரண்டு மாதத்துக்குப் பக்கத்து வீடுதான் அவர்கள் வீடு. முதல் வாரம் மனோன் யாரோடும் பேசவில்லை. பூவிழியின் ஆட்டுக்குட்டி செல்லி அவளுடைய பாவாடை நுனியை மென்று தின்ற அன்றுதான் முதன்முதலாகச் சிரித்தாள். அப்புறம் இருவரும் இணைபிரியாத தோழிகள். மனோனுக்குத் தமிழ், பூவிழிக்குப் பிரெஞ்சு என்று பேசி வைத்துக்கொண்டார்கள்.

பிரெஞ்சில் பொருளின் பெயரைச் சும்மா சொல்லிவிட முடியாது. ஆண் என்றால் முன்னால் ‘லெ’ வேண்டும், பெண் என்றால் ‘லா’. ஒன்றுக்கு மேல் இருந்துவிட்டால் ஆண், பெண் பார்ப்பதில்லை, எல்லாவற்றுக்கும் ‘லே’தான்.

‘லே’ பூவிழிக்கு ரொம்பப் பிடித்தது. ‘லெ’யும் ‘லா’வும்தான் படுத்தி எடுத்தன. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு கொட்டாங்குச்சியில் காவியும் இன்னொன்றில் சொட்டு நீலமும் கரைத்தாள். மனோன் சொல்லச் சொல்ல, பெண் பொருளுக்குக் காவிப் பொட்டு, ஆண் பொருளுக்கு நீலப் பொட்டு. கதவுக்கும் நாற்காலிக்கும் காவி. துடைப்பத்துக்கு நீலம்.

நடுவில் பூவிழி தண்ணீர் பிடிக்கப் போனாள். குடத்தோடு திரும்பி வந்தால், வாசலில் ஆட்டு வியாபாரி இக்பால் பாயின் வண்டி நின்றது. மற்ற ஆடுகளோடு செல்லியும் அதில் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தது. பூவிழி குடத்தை வாசலில் இறக்கிவிட்டு ஓடினாள். தாய் இல்லாத குட்டி என்று புட்டிப்பால் கொடுத்து அவள் வளர்த்த செல்லி!

“பாய் மாமா, செல்லியை ஏன் ஏத்துனீங்க? அது விக்கிறதுக்கு இல்ல.”

“காவி வெச்சிருக்கே கண்ணு.”

அந்த வீட்டில் அதுதான் வழக்கம். விற்ற ஆட்டின் முதுகில் பூவிழியின் அப்பா லட்சுமணன் காவிப் பொட்டு வைத்துவிட்டுக் காட்டுக்கு வேலைக்குப் போய்விடுவார். இக்பால் பாய் வந்து, பொட்டு இருக்கும் ஆடுகளை ஏற்றிக்கொண்டு வாணியம்பாடிக்குப் போவார்.

பூவிழி திரும்பி மனோனைப் பார்த்தாள். மனோனின் விரல் நுனி சிவந்திருந்தது. என்ன ஏது என்று புரியாவிட்டாலும் தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்து, அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. இப்போது அவளைக் கைகாட்டினால் மறுபடி வாயே திறக்க மாட்டாள் என்று பூவிழிக்குப் பட்டது.

“நாங்கதான் வெச்சோம் மாமா, விளையாட்டுக்கு.”

இக்பால் பாய் நம்பவில்லை. வண்டி வந்து நின்றாலே பிள்ளைகள் இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள், அவர் பார்க்காததா? அழுது பயனில்லை என்று பூவிழிக்குத் தெரிந்தது. அவர் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துப் போனாள்.

“பாருங்க மாமா. கதவுல காவி, நாற்காலில காவி. இதையெல்லாம் எங்கப்பா உங்களுக்கு வித்துட்டாரா?”

இக்பால் பாய் தாடியைத் தடவினார். “அப்ப தொடப்பத்துல இன்னா நீலம்?”

அது ஆண் என்று பூவிழி விளக்கியதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்தச் சங்கதி தன் மனைவி சகிலா காதுக்குப் போனால் வீடு பெருக்குவது இனி தன் வேலையாகிவிடும் என்றார். மனோன் மெல்ல முன்னால் வந்தாள்.

“செல்லி... லா. அதான் காவி,” என்றாள்.

அவர் செல்லியைத் தூக்கி இறக்கிவிட்டார். பூவிழி அதைக் கட்டிக்கொண்டாள். சந்தோஷத்தில் கண்ணீர் வந்தது. செல்லி அவளுடைய பின்னலை மென்று தின்னத் தொடங்கியது.

“சரி, என் வண்டி ஆணா, பொண்ணா?” என்று கேட்டார் இக்பால் பாய்.

மனோன் சிரித்தாள். விரலைக் கொட்டாங்குச்சியில் தோய்த்து, வண்டியின் முன்பக்கம் அழுத்தமாக ஒரு காவிப் பொட்டு வைத்தாள்.

“காவி வெச்சாச்சு. இனிமே வண்டி எங்களுது, மாமா,” என்றாள் பூவிழி.

இக்பால் பாய் தோள் துண்டைக் குடத்துத் தண்ணீரில் நனைத்து, பொட்டைப் பளிச்சென்று துடைத்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினார்.