பொம்மைகளுக்கு ஏறிய நிறம்

கொடியில் காய்ந்துகொண்டிருந்த பன்னிரண்டு சின்னக் கைகளும் தவறான நிறத்தில் இருந்தன.

பூங்காவனம் அளவில் தப்புச் செய்கிறவள் அல்ல. ஜாலான் பெண்டஹாரா தெருவில் கடை வைத்திருக்கும் நல்லையா, மெர்டேக்கா சுதந்திர நாளுக்குள் முடித்துத் தரச் சொல்லி மூன்று டஜன் ஜப்பான் செல்லுலாய்டு பொம்மைகளை அவளிடம் கொடுத்திருந்தார். அவற்றின் ரோஜா நிறத் தோலை மாற்ற வேண்டும். அப்புறம் புடவை கட்டிக் கடைக் கண்ணாடிக்குள் நிற்கவைப்பார்.

“வெள்ளைக்காரனே போறான், பொம்மை மட்டும் வெள்ளைக்காரியா நிக்கணுமாம்மா? உன் கை நிறத்துக்குக் கொண்டா, போதும்” என்று சிரித்தார்.

அவள் கை நல்ல சிவந்த கை. அவர்கள் குடியிருந்த காஜா பெராங் முழுக்க அதைச் சொல்லும்.

வேலையை அவள் ஒழுங்காகத்தான் செய்தாள். உள்ளே இழுத்துக் கட்டியிருக்கும் ரப்பர் கயிற்றை அவிழ்த்துத் தலை, கை, கால் என்று பொம்மையைப் பிரித்து, சோப்புத் தூளில் கழுவினாள். அந்தச் சரக்கு சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் அடுப்பருகே கொண்டுபோகாமல், தண்ணீரைச் சமையலறையில் சுடவைத்துப் பின்கட்டிலிருந்த அண்டாவில் ஊற்றி, சாயத்தூளும் கொஞ்சம் வினிகரும் கலந்து நனைத்தாள். ஈரத்தில் நிறம் பொய் சொல்லும். அதனால் காய்ந்த பிறகே தன் முழங்கையின் உட்பக்கத்தோடு வைத்துப் பார்ப்பாள்.

முதல் நாள் இரண்டு கரண்டித் தூள். கருத்துவிட்டது. இரண்டாம் நாள் ஒரு கரண்டி. அதே கருப்பு. மூன்றாம் நாள் அரைக் கரண்டிதான் போட்டாள்.

அதே கருப்பு.

சாயத்தின் கருப்பாக அது இல்லை. மங்குஸ்தீன் பழத்தோலைப் போல அடியில் ஒரு செம்மை ஓடும் கருப்பு. உள்ளே இளஞ்சூடாக ஏதோ இருப்பது போல மினுமினுத்தது. வினிகர் வாடை வர வேண்டிய இடத்தில் சீயக்காயும் மஞ்சளும் மணத்தன. காற்றே இல்லாத அந்தக் காலையில் கொடியில் தொங்கிய கைகள் ஒன்றையொன்று தொட்டு, டிக், டிக் என்று மெல்லத் தட்டிக்கொண்டன.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு, புக்கிட் ரம்பாய் பஸ்ஸில் கண்டக்டர் வேலை முடிந்து அவள் புருஷன் ஜெயபாலன் வந்தான். பின்கட்டுப் பக்கம் ஒருநாளும் எட்டிப் பார்க்காதவன் அன்று நேராக அங்கே போனான். கொடியிலிருந்து ஒரு கையை எடுத்தான்.

“இந்த நிறத்த எங்க புடிச்ச?”

“ஏங்க, நல்லா இல்லியா?”

அவன் நாற்காலியில் உட்கார்ந்து, விரலளவே இருந்த அந்தக் கையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் வைத்த காப்பி ஆறி ஆடை கட்டியது. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவள் கையை அவன் அப்படி ஒரு தடவைகூடப் பிடித்ததில்லை.

மறுநாள் காலையில் பசாருக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமி, வேலிக்கு அந்தப் புறம் கூடையோடு நின்றுவிட்டாள்.

“அலாமாக்! அடியே, இது கோகிலா கையாச்சேடி.”

கோகிலா ஜெயபாலனின் முதல் மனைவி. நாலு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் போனவள். பெட்டிக்கடியில் இருந்த ஒரே படத்தில் பூங்காவனம் அவளைப் பார்த்திருக்கிறாள். சாம்பல் நிற முகம், சாம்பல் நிறக் கை. உயிரோடிருந்தபோது என்ன நிறம் என்று யாரும் சொன்னதில்லை.

“கருப்பாக்கா அவங்க?”

“கருப்புதான். ஆனா என்ன கருப்புங்கற! தொட்டுப் பாக்கணும்போல இருக்கும். உன்னப் பொண்ணு பாத்துட்டு வந்து, ‘ஜெயபாலா, பொண்ணு சும்மா செக்கச்செவேல்னு இருக்கா’ன்னு நான்தான் சொன்னேன். ‘செவப்ப வச்சு என்னக்கா பண்ண’ன்னான் உன் வீட்டுக்காரன்.” சிரித்துக்கொண்டே சொன்னவளின் பார்வை அண்டாவில் விழுந்து நின்றது. “அதுலயா சாயம் போட்ட?”

“ஆமாக்கா. குளிக்கிற அறைக்குப் பின்னால, சாக்குக்கடியில கெடந்துச்சு. சமைக்கிற பாத்திரத்தக் கெடுப்பானேன்னு…”

“கோகிலாவக் கடைசியாக் குளிப்பாட்டினப்ப தண்ணி காய்ச்சினது அதுலடி. அன்னிக்கே யாருக்காவது குடுத்து அனுப்பியிருக்கணும், அதானே மொற. உன் வீட்டுக்காரன் குடுக்கவே மாட்டேன்னுட்டான். மேல கவுந்து படுத்துக்கிட்டான்டி. தூக்கிப் போட்டுடு. இப்பவே போட்டுடு.”

வேறொருத்தியாக இருந்தால் பயந்திருப்பாள். பூங்காவனத்துக்குப் பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது எரிச்சல், நெஞ்சுக்குழியில் மிளகாய் அரைத்ததுபோல. கவுந்து படுத்தானாம். ஒரு அண்டாமேல்! தனக்கு மூன்று நாள் காய்ச்சல் வந்தபோது வாசலில் நின்றபடியே மாத்திரையை நீட்டியவன்.

அவள் அண்டாவைத் தூக்கிப் போடவில்லை. எதில் ஏறியதோ அதிலேயே இறக்குவேன் என்று நினைத்தாள்.

மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தகரக் கூரையில் மழை அடிக்க ஆரம்பித்தபோது அவள் சுடுதண்ணீரைக் கொண்டுவந்து அண்டாவில் ஊற்றி, சலவைச் சோடாவைக் கொட்டி, கொடியிலிருந்த பன்னிரண்டு கைகளையும் உள்ளே போட்டாள். வலது கையை மணிக்கட்டுவரை விட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். சீயக்காய் மணம் எழுந்தது. மஞ்சள். அதற்கும் கீழே, கற்பூரம்.

“போ” என்றாள். “இது என் வீடு. அவரு என் புருஷன். போ.”

தேய்த்தாள். நிறம் இறங்கியது. ஒரு கை ரோஜாவாக மேலே மிதந்தது. இன்னொன்று. இன்னொன்று. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் தண்ணீர் கலங்கவில்லை.

இத்தனை சாயம் இறங்கியும் அண்டாவின் அடி தெரிந்தது. தெளிந்த தண்ணீர், கிணற்றுத் தண்ணீர்போல. அப்படியானால் நிறம் எங்கே போகிறது?

கையை வெளியே எடுத்தாள்.

மணிக்கட்டுவரை கருப்பு. மங்குஸ்தீன் கருப்பு.

சோப்பு போட்டாள். எலுமிச்சம்பழம். தேங்காய் நார். மண்ணெண்ணெய். தோல் எரிந்தது, நிறம் அசையவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நகங்கள் நீளமாக இருந்தன. அவள் நகம் வெட்டி இரண்டு நாள்தான் ஆகிறது. கட்டைவிரலடியில் ஒரு பழைய சூட்டுத் தழும்பு இருந்தது.

அவளுக்குச் சூடுபட்டதே இல்லை.

வாசற்கதவு திறந்தது. ஈரச் செருப்பின் சத்தம். அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். ஜெயபாலன் பின்கட்டு நிலையில் நின்றான். அண்டாவைப் பார்த்தான். ரோஜாக் கைகள் மிதப்பதைப் பார்த்தான்.

“அழிச்சிட்டியா?”

“இல்லீங்க…”

“காட்டு.”

அவள் காட்டவில்லை. அவனே வந்து, முதுகுக்குப் பின்னாலிருந்து கையை எடுத்தான். பார்த்தான். அப்படியே ஈரத் தரையில் மண்டியிட்டு, அந்த உள்ளங்கையில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். கன்னம் சுட்டது. கண்ணீர் அவள் மணிக்கட்டில் வழிந்தது.

அவள் நகரவில்லை. இதற்குத்தானே இரண்டு வருஷம்! யாருடைய நிறமாக இருந்தால் என்ன, கை என்னுடையது. ஒரு நிமிஷம் இருக்கட்டும். ஒரே ஒரு நிமிஷம்.

அப்போது விரல்கள் அவன் தலைமுடியைக் கோதின.

அவள் கோதவில்லை.

விரல்கள் நெற்றிக்கு இறங்கி, அவன் காதுமடலின் பின்னால் ஓர் இடத்தைத் தேடாமலே கண்டுபிடித்து, அங்கே வட்டமாக வருடின. அவன் தூக்கத்தில்போல் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் பார்த்ததே இல்லை.

“என்னங்க.”

அவன் காதில் விழவில்லை.

“என்னங்க, நான்தாங்க…”

பூங்காவனம் கையை இழுத்தாள். வரவில்லை. இடது கையால் பிடித்து இழுத்தாள். கருத்த விரல்கள் அவன் பின்கழுத்தில் இறுகி, அவனை இன்னும் அருகில் இழுத்துக்கொண்டன. முழங்கையைத் தாண்டிய நிறம், அவசரமே இல்லாமல், ரவிக்கைக் கையினுள் நுழைந்துகொண்டிருந்தது.