பின்பக்கத் தேதி

டிப்போ தெரு நாற்பத்தொன்றாம் எண் கட்டடத்தின் முன் நான் வண்டியை நிறுத்தியபோது காலை பத்து மணி. பிப்ரவரி மாதம். ஆற்றில் பனிக்கட்டி பாளம் பாளமாக நின்றது. பனி உருக உப்புத் தூவிய நடைபாதையில் கட்டட முதலாளி ப்ரூயிட் இரண்டு காப்பியோடு காத்திருந்தார். ஆய்வுக்குப் போன இடத்தில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது என்பது எங்கள் தீயணைப்புத் துறையின் விதி. அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் நீட்டினார்.

"ஆறு குடும்பம் மேடம். பழைய வீட்டுல குழாய் வெடிச்சு, நாலு வாரமா சர்ச் அடித்தளத்துல மடக்குக் கட்டில்ல கிடக்குறாங்க. இன்னைக்கு உங்க கையெழுத்து விழுந்தா நாளைக்கே குடி வந்துருவாங்க."

"பாத்துட்டுச் சொல்றேன்."

"எல்லாம் புதுசு மேடம். பழசோட வாசனைகூட மிச்சம் வைக்கல."

அதை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

என் பெயர் டோரீன் ஹவ்ரநெக். பென்சில்வேனியாவின் இந்த இரும்பாலை ஊரில் இருபத்திரண்டு வருஷமாகத் தீத்தடுப்பு ஆய்வாளர். நான் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டு முதலாளிகளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். தீக்கதவுக்கு முட்டுக் கொடுத்த கட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, படிக்கட்டில் கிடந்த சைக்கிளை ஒளித்துவிட்டு, பரம சாதுவாக வாசலில் நிற்பார்கள். அப்படிப்பட்டவர்களை ஆயிரம் பேரைப் பிடித்திருக்கிறேன். என்னை யாரும் பிடித்ததில்லை. அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

இதே கட்டடத்தை இரண்டேகால் வருஷத்துக்கு முன்பு, குளிர் தொடங்கிய சமயத்தில், நான்தான் ஆய்வு செய்தேன். பன்னிரண்டு வீடுகள். அறைக்கு அறை கூரையில் ஒரு புகை அலாரம். அதன் நடுவில் பொத்தான். அழுத்தினால் கத்தும். கத்தினால் மின்கலம் நன்றாக இருக்கிறது, ஊதல் நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். புகையை மோந்து பார்க்கும் உறுப்பு உள்ளே தனியாக இருக்கிறது. பத்து வருஷத்தில் அது செத்துப் போகும். செத்த பிறகும் பொத்தானை அழுத்தினால் அலாரம் கத்தும். அதனால் ஒவ்வொன்றையும் திருகிக் கழற்றி, பின்பக்கத்தில் அச்சடித்த தேதியைப் பார்க்க வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதல் நாளே சொல்லிக் கொடுக்கும் பாடம் இது.

அன்று மூன்றாவது மாடி சி அறையில் இவெட் கோல்பி கதவைத் திறந்தாள். முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கிறவள். முப்பத்துநான்கு வயது. கண்ணெல்லாம் சிவந்து, போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"கத்த விடப் போறீங்களா? சீக்கிரம் அழுத்திட்டுப் போயிருங்க மேடம். இப்பத்தான் படுத்தேன்."

எனக்குப் பாவமாக இருந்தது. ஏணியை விரித்து, கழற்றி, மாட்டி அவள் தூக்கத்தைக் கெடுப்பானேன் என்று தோன்றியது. குச்சியால் ஒரு தடவை அழுத்தினேன். கத்தியது. படிவத்தில் சரி என்று குறித்தேன். கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் அவளுடைய சூடேற்றியின் கம்பி பற்றிக்கொண்டது. மற்ற எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். இவெட் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவே இல்லை.

சாம்பலுக்குள்ளிருந்து அந்த அலாரத்தை எடுத்தவர் எங்கள் தலைவர் கஸ் மன்கூசோ. பாதி உருகியிருந்தது. கையுறையோடு பொத்தானை அழுத்திப் பார்த்தார்.

கத்தியது.

பின்பக்கத்தில் மே 2003 என்று இருந்தது. பத்தொன்பது வயது. பக்கத்தில் நின்று நானும் பார்த்தேன். கஸ் அதைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. படிவத்தில் என் குறி சரியாக இருந்தது. அதோடு முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அதனால் இந்த பிப்ரவரி ஆய்வில் நான் எதையும் விடுவதாக இல்லை. தரைமட்டத்து முதல் மாடியிலும் இரண்டாவது மாடியிலும் ஒவ்வொரு அலாரத்தையும் கழற்றிப் பின்பக்கம் பார்த்தேன். எல்லாம் போன வருஷத் தேதி. மூன்றாவது மாடிக்கு ஏறும்போது புதுப் பெயின்ட் வாசனை. அதற்கு அடியில் இன்னொன்று. தண்ணீர் அடித்து அணைத்த கரியின் ஈர வாடை. என் வேலையில் இருக்கிறவர்களுக்கு அது கனவில்கூடத் தெரியும்.

சி அறை காலியாக, வெள்ளையாக இருந்தது. சன்னலில் நல்ல வெயில். ஏணியை விரித்தேன். பொத்தானை அழுத்தினேன். மூன்று கத்தல், ஒரு இடைவெளி, மூன்று கத்தல். திருகிக் கழற்றித் திருப்பினேன்.

மே 2003.

முகப்பு வெள்ளையாக இருந்தது. முதுகு மட்டும் பல்கறை போல மஞ்சளடித்துப் போயிருந்தது. ப்ரூயிட்டைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"போன ஆகஸ்ட்னு போட்டிருக்கு மேடம். கண்ணாடி எடுத்துட்டு வரலையா?"

வண்டிக்குப் போய், முத்திரை பிரிக்காத புது அலாரம் ஒன்றை நானே கொண்டுவந்தேன். பெட்டியைக் கிழித்தேன். திருப்பினேன்.

மே 2003.

கட்டில் இல்லாத அந்த அறையில், இவெட்டின் கட்டில் இருந்த பக்கத்திலிருந்து யாரோ புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு நீண்ட மூச்சு. தூக்கம் கலைந்தவர்கள் விடுகிற மூச்சு.

நான் ஏணியைக்கூட எடுக்காமல் கீழே ஓடிவந்தேன்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னதும் ப்ரூயிட் கஸ்ஸுக்குப் போன் போட்டார். கஸ் வந்தார். சோதனைக்கென்று வைத்திருக்கும் செயற்கைப் புகைத் தெளிப்பானால் ஒவ்வொரு அலாரத்துக்கும் அடித்துப் பார்த்தார். எல்லாம் கத்தின. சி அறையிலும் கத்தியது. படிக்கட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முழங்கால் சடசடத்தது.

"எல்லாமே மோந்து பாக்குது டோரீன். இன்னும் என்ன வேணும் உனக்கு?"

"அன்னைக்கு நான் பின்பக்கம் பாக்கல கஸ். அவ தூங்கணும்னு சொன்னா. நான் பாக்கல."

அவர் தொப்பியைக் கழற்றிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"சாம்பல்லேர்ந்து எடுத்த அன்னைக்கே. அத வெளிய சொல்லி என்ன ஆகப் போகுது? அவ திரும்பி வரப் போறாளா?"

எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து அவர் கொஞ்சம் பயந்தார் என்று நினைக்கிறேன்.

"இங்க பாரு. அந்த அடித்தளத்துல கைக்குழந்தை ரெண்டு இருக்கு. இன்னைக்கு ராத்திரி மைனஸ் இருபதுக்குப் போகுதாம். நீ போடு, இல்லன்னா நான் போடுறேன். உன் மனசு சரியில்லங்கறதுக்காக அவங்கள நடுங்க விட முடியாது."

அவர் சொன்னதில் தப்பில்லை. போட்டேன். ஆனால் அந்த அறையில் இன்னொருத்தர் படுத்துத் தூங்குவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அன்றே வேலையை விட்டேன். சி அறையை என் பெயருக்கு வாடகைக்கு எழுதித் தரச் சொன்னேன். ப்ரூயிட் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அலாரம் செய்யாததை நான் செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். எல்லா வீட்டுக்கும் பொதுவான கூடத்தைப் பார்த்தபடி நாற்காலியைப் போட்டுக் கதவைத் திறந்தே வைத்தேன். மணிக்கு ஒரு தடவை எழுந்து மூன்று மாடியும் நடந்து மோந்து பார்ப்பேன். இருபத்திரண்டு வருஷ மூக்கு. பக்கத்து பி அறைக்கு மரிசோல் வேகா கைக்குழந்தையோடு வந்திருந்தாள். முதலில் என்னைப் பைத்தியம் என்று நினைத்தாள். பிறகு பழகிவிட்டது.

"நாய் வளக்க வேண்டிய செலவு மிச்சம்" என்று கேலி செய்வாள். "வாங்க, பீன்ஸ் சாப்பிட்டுட்டு மோந்து பாருங்க."

மார்ச் கடைசியில் ஒரு மத்தியானம் அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"என்ன மேடம் நீங்க! அடுப்புல வச்ச பீன்ஸ் தீஞ்சு கரியாப் போச்சு. கூடமே புகை. நீங்க கதவத் தொறந்து வச்சுட்டுச் சிலை மாதிரி உக்காந்திருக்கீங்க?"

கூடத்தைப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் மெல்லிய திரை தொங்கியது. எனக்கு எந்த வாசனையும் வரவில்லை.

"அலாரம் கத்தலயா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுகூடக் கத்தல."

காப்பித்தூளை மோந்தேன். வினிகரை மோந்தேன். பெயின்ட் கரைப்பானில் துணியை நனைத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். ஒன்றும் இல்லை. மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு மூக்கில் ஒரு கோளாறும் இல்லை என்றார். கஸ்ஸைக் கூப்பிட்டேன். தெளிப்பானோடு வந்தார். அவர் அடித்ததும் எல்லா அலாரமும் கத்தின. என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார். வீடு வீடாகப் போய்க் காலி செய்யச் சொன்னேன். யார் போவார்கள்? போக இடம் இருந்தால் அவர்கள் ஏன் இங்கே வருகிறார்கள்?

மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு நாற்காலியில் இருந்தேன்.

நெஞ்சுக்குழியில் ஒரு விரல் பட்டது.

குளிர்ந்த விரல். சட்டை உள்ளே குழிந்ததைக் கண்ணால் பார்த்தேன். எதிரில் யாரும் இல்லை.

அழுத்தியது.

என் வாய் தானாகத் திறந்தது. நான் கத்தினேன். மூன்று கத்தல், ஒரு இடைவெளி, மூன்று கத்தல். மனுஷத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. விரல் எடுக்கப்பட்டதும் நின்றது.

அது தினமும் வந்தது. மத்தியானம் சரியாக இரண்டு மணிக்கு, ஒரே ஒரு தடவை. முதல் வாரம் எல்லாரும் ஓடிவந்தார்கள். அப்புறம் கதவை மட்டும் திறந்து பார்த்தார்கள். அப்புறம் அதுவும் இல்லை. ஒருநாள் டி அறைக்குப் புதிதாக வந்த தம்பதியிடம் மரிசோல் படிக்கட்டில் பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

"பயப்படாதீங்க. அவங்க பழைய ஃபயர் இன்ஸ்பெக்டர். கொஞ்சம் மனசு ஒடஞ்சவங்க, ஆனா தங்கமானவங்க. தினமும் ரெண்டு மணிக்குக் கத்திப் பாத்துக்குறாங்க. அவங்க இருக்காங்கன்னுதான் நான் பிள்ளையத் தூங்கப் போட்டுட்டு நானும் கண்ணசருறேன்."

அதைக் கேட்டு நான் அழுதேன். அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு, என்னை நம்பாதே, எனக்கு மோப்பம் கிடையாது என்றேன். அவள் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

இவெட்டிடம் மன்னிப்புக் கேட்டுப் பார்த்தேன். கட்டில் இருந்த பக்கமாக மண்டியிட்டுக் கேட்டேன். புரண்டு படுக்கிற சத்தம் வந்தது. அவ்வளவுதான்.

இதை எழுதும்போது மணி இரண்டு இருபது. இன்று விரல் வரவில்லை. மரிசோலின் குழந்தை ஒரு மணிக்கே தூங்கிவிட்டது. அவள் கட்டில் கிறீச்சிட்டதும் கேட்டது. டி அறையில் அந்தப் பெண்ணும் இருக்கிறாள். கர்ப்பிணி, மத்தியானத்தில் படுப்பாள். கட்டடம் முழுக்க அமைதி. வாசனை எதுவும் இல்லை.

கண் மட்டும் எரிகிறது.

கூடத்து விளக்கு மங்கலாகத் தெரிகிறது. அலாரங்கள் சும்மா இருக்கின்றன. எழுந்திருக்கப் பார்த்தேன், கால் அசையவில்லை. எழுதுகிற கை மட்டும் ஓடுகிறது. மரிசோலைக் கூப்பிட வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தேன். வரவில்லை.

யாராவது வந்து அழுத்த வேண்டும்.