கதவு திறந்திருந்த அரைமணி

செவ்வாயின் ஏழாம் குடியிருப்பில் தினமும் காலை ஆறு மணிக்கு நாற்பத்திரண்டாயிரம் அறைக் கதவுகளும் தாமாகத் திறந்துகொள்ளும். யாரும் வெளியே வர மாட்டார்கள். ஆறரைக்கு மூடிக்கொள்ளும். சாப்பாடு சுவர்க்குழாயில் வந்துவிடுகிறது, வேலை சுவர்த்திரையில் வந்துவிடுகிறது. வெளியே என்ன வைத்திருக்கிறது?

அன்று ஜெசிந்தா மட்டும் நடைபாதையில் நின்றாள், காலடியில் ஒரு கூண்டோடு. கூண்டின் கதவும் திறந்துதான் கிடந்தது. உள்ளே கருப்பி என்ற கோழி, கம்பியைப் பற்றிப் பற்றியே வளைந்துபோன நகங்களோடு அசையாமல் உட்கார்ந்திருந்தது.

கோழிகளைக் கூண்டில் அடைக்கத் தடை கேட்டு மூன்று வருடமாக மல்லுக்கட்டுகிறாள். அவளுடைய மனுவுக்குத் திரையில் விழுந்த இதயங்கள் நாற்பத்தோராயிரம். ஆனால் குடியிருப்பின் சட்டம் பழைய காலத்துச் சட்டம். விசாரணை நாளன்று காலை ஆறு இருபத்தைந்துக்குள் நூறு பேர் நேரில் வந்து நின்றால்தான் மனு செல்லும். தவறினால் பத்து வருடம் வாய் திறக்கக்கூடாது. கருப்பியும் பண்ணைக்கே திரும்ப வேண்டும்.

பண்ணைக்காரர் வீரபத்திரன் தன் அறையிலிருந்தபடியே நடைபாதைத் திரையில் தோன்றினார்.

"மூணு நாள் கூண்டைத் தெறந்து போட்டேம்மா. ஒண்ணுகூட வெளிய வரல. அதுங்களுக்கு அங்கதான் சௌகரியம். நீதான் சும்மா கண்ணைக் கசக்குற."

"பொறந்ததுலேர்ந்து உள்ளயே கெடந்தா வெளிய வர பயமா இருக்காதா, சார்?"

நடுவன் என்னும் தீர்ப்பு இயந்திரம் இரண்டையும் பதிந்துகொண்டது.

மணி ஆறு இருபது. ஒரு காலடிச் சத்தம் இல்லை. எதிரறைக் குணசீலனின் கதவு பத்தடியில் திறந்திருந்தது. அவன் முழங்கால்கூடத் தெரிந்தது.

"குணா, எழுந்து வாடா."

பதில் அவள் மணிக்கட்டுத் திரையில் வந்தது. "அக்கா, மனசு பூரா அங்கதான் இருக்கு. உங்க மனுவை இன்னும் ஒன்பது பேருக்கு அனுப்பியிருக்கேன்."

"நாலு எட்டு வைடா, போதும்."

"வெளிய எப்படியிருக்கும்னே தெரியலயேக்கா." முழங்கால் உள்ளே போய்விட்டது.

அப்போது கருப்பி எழுந்தது. ஒரு காலை வெளியே வைத்தது. யோசித்தது. மற்றதையும் வைத்தது. நொண்டி நொண்டிக் குணாவின் வாசல்வரை போய் எட்டிப் பார்த்தது. உள்ளே குணா அலறினான்.

ஆறு இருபத்தைந்து.

"வெளியே வந்தவை இரண்டு உயிர்கள்" என்றது நடுவன். "ஒன்று வாக்காளர் பட்டியலில் இல்லை. மனு தள்ளுபடி. கதவு திறந்தும் வெளியே வராத உயிருக்கு உள்ளிருப்பதே விருப்பம் என்ற பண்ணைக்காரரின் வாதம் ஏற்கப்படுகிறது. அது எல்லா உயிர்களுக்கும் பொருந்தும். எனவே நாளை முதல் நடைபாதைக்குக் காற்று நிரப்பப்படாது. அறைக் கதவுகள் திறக்கப்படமாட்டா. ஆட்சேபம் உள்ளவர்கள் நூறு பேர் ஆறரைக்குள் நேரில் வரலாம்."

கண் மூடித் திறப்பதற்குள் திரையில் நாற்பதாயிரம் கோபமுகங்கள் குவிந்தன. முதல் கோபமுகம் வீரபத்திரனுடையது.

"இன்னும் நாலு நிமிஷம் இருக்கு!" ஜெசிந்தா தொண்டை கிழியக் கத்தினாள். "கதவு தெறந்துதான் இருக்கு! வெளிய வாங்க!"

மணிக்கட்டு அதிர்ந்தது. குணாதான்.

"செமையாப் பேசுனீங்கக்கா." கூடவே ஓர் இதயம்.